ஒத்து ஊதுனவரோட பேத்தி

எங்க தாத்தா ஒத்து ஊதுனவரு. இத காலேஜ்ல ரொம்ப நாள் நான் யார்ட்டயும் சொல்லல. சொன்னா என்னன்னு எடுத்துக்கிடுவாங்கன்னு தெரியும், "ஒத்து ஊதுறான்"னா பெரிய ஆளு என்ன சொன்னாலும் தலையாட்டுறான்னு அர்த்தமாயிட்டுல்லா. அது ஒண்ணு மட்டும் இல்ல. "ஜால்ரா அடிக்கான்", "பின்பாட்டு பாடுதான்", "சிங்சக் போடுதான்", இந்த வசவு எல்லாமே மேடையில கூட இருந்து வாசிக்கிறவங்கள வச்சு வந்ததுதான். நான் அஞ்சு வருஷம் காலேஜ்லயும் யுனிவர்சிட்டியிலயும் பாடியிருக்கேன், சேந்து பாடுற கொயர்ல ஆல்டோ (பொம்பளைப் பிள்ளைங்கள்ல கீழ்க்குரல்), கிராமியக் குழுவுல ஜால்ராவும் பின்பாட்டும். அதாவது இந்த வசவுல பாதி என் வேலை. அதப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கிடக்கு.

முதல்ல ஒத்துன்னா என்னன்னு சொல்லிருதேன், இப்ப உள்ள பிள்ளைகள்ல நிறைய பேர் பாத்தே இருக்க மாட்டாங்க. பாக்க நாதஸ்வரம் மாதிரியே நீளமா இருக்கும், ஆனா விரல் வச்சு வாசிக்க ஓட்டை கிடையாது. கீழ இருக்கிற ஓட்டைகள்ல மெழுகு அடைச்சு சுருதி சேத்துக்கிடுவாங்க. ஒரே ஒரு சுரம், ஷட்ஜம், சரிகமவோட "ச", அவ்வளவுதான். கச்சேரி மூணு மணி நேரம்னா மூணு மணி நேரமும் அந்த ஒரு சுரம் நிக்காம கேக்கணும், அதுக்கு கன்னத்துல காத்த அடைச்சு வச்சுக்கிட்டு, அது வெளிய போயிட்டு இருக்கும்போதே மூக்கால புதுக் காத்த இழுக்கணும். சின்ன வயசுல தாத்தா இதப் பழகினது பப்பாளி இலைக் காம்புல. காம்ப வெட்டி ஒரு முனைய செம்புத் தண்ணிக்குள்ள விட்டு ஊதணும், குமிழி வந்துக்கிட்டே இருக்கணும், நடுவுல நின்னா குரு தொடையில கிள்ளுவாராம்.

சேரன்மகாதேவிக்கு அந்தப் பக்கம் எங்க ஊர். காருகுறிச்சி பக்கத்துலதான். நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் வாசிப்ப தாத்தா நேர்ல கேட்டிருக்காவ. அவர் 1921ல பொறந்து 1964லயே போயிட்டாரு, நாப்பத்தி மூணு வயசு கூட முழுசா இருக்காது, இன்னைக்கும் எங்க பக்கத்துல கல்யாண வீட்டுல அவரு வாசிச்சதப் போட்டா பெரியவங்க பேச்ச நிறுத்திருவாங்க. தாத்தா அவரப் பத்தி சொல்லும்போதெல்லாம் ஒரு விஷயத்த தவறாம சொல்லுவாவ. "அவ்வளவு பெரிய வித்வான், அவரே திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பக்கத்துல ரெண்டாவது நாயனமா நின்னுதான் வாசிச்சு வந்தாரு. பக்கத்துல நிக்கத் தெரியாதவன் நடுவுல நின்னா நல்லாருக்காது தாயி."

2005ல நான் பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல சேந்தேன். பாளையப் பத்தி வெளியூர்க்காரங்களுக்கு சொல்லணும்னா, இந்த ஊர்ல சாயங்காலம் நாலு மணிக்கு மேல எந்தத் தெருவுல நடந்தாலும் எங்கயோ ஒரு இடத்துல யாராவது சேந்து பாடிக்கிட்டு இருப்பாங்க. ஊசிக்கோபுரம் சர்ச் 1826ல கட்டினது, அதச் சுத்தி பள்ளிக்கூடம், காலேஜ், ஹாஸ்டல், ஒவ்வொண்ணுலயும் ஒரு கொயர். டிசம்பர் வந்தா கிறிஸ்மஸ் பாட்டு பாடிக்கிட்டு கேரல் ரவுண்ட்ஸ் போற வேன் சத்தத்துல தூங்க முடியாது. நான் கோயில் மேளத்து வீட்டுப் பிள்ளை, சர்ச்சுக்குள்ள போனதே கிடையாது, ஹாஸ்டல்ல ரூம்மேட் கூப்பிட்டான்னு குரல் டெஸ்டுக்குப் போனேன். கொயர் மாஸ்டர் ஹார்மோனியத்துல ஒரு கட்டைய அழுத்தி, "ஆ"ன்னு பாடச் சொல்லி, மேல மேல போய், நான் திணறுனதும் நிறுத்திட்டு "ஆல்டோ, அந்தப் பக்கம் போய் நில்லும்மா"ன்னு சொன்னாரு. மேல்குரல் பாடுற சோப்ரானோ பக்கம் நின்னவங்க எல்லாம் சிரிச்ச முகமா இருந்த மாதிரி எனக்குத் தோணிச்சு.

கொயர்ல நாலு குரல். சோப்ரானோவுக்கு மெட்டு, ஆம்பளைங்கள்ல மேல்குரல் டெனர், அவங்களுக்கு அப்பப்ப ஒரு அழகான ஏத்தம், கீழ்க்குரல் பாஸ் அடியில உருமும், ஆல்டோவுக்கு மிச்சம் இருக்கிறது. எங்க நோட்டெல்லாம் சோல்ஃபா எழுத்துல இருக்கும், 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஜான் கர்வன் பரப்பின முறை, மிஷனரிமாரோட இங்க வந்து சேந்தது, அஞ்சு கோடு எழுத்து வாசிக்கத் தெரியாதவங்களும் டோ ரே மீன்னு பாத்துப் பாடிரலாம். சரிகமபதநி தெரிஞ்ச எனக்கு அது ஒரு வாரத்துல பிடிபட்டுட்டு. பிடிபட்டதும்தான் ஒண்ணு தெரிஞ்சது, என் வரியில பாதிப் பாட்டு "சோ சோ சோ சோ"ன்னே போகுது. மெட்டு எங்கெங்கயோ ஏறி இறங்குது, நான் மட்டும் அதே இடத்துல நிக்கேன். ரெண்டாவது மாசம் விட்டுரலாம்னு முடிவு பண்ணிட்டு ஊருக்குப் போனேன்.

தாத்தா அப்ப ஒத்து ஊதுறத விட்டு பத்து வருஷத்துக்கு மேல ஆயிட்டு. கரண்டு சுருதிப்பெட்டி வந்த பிறகு மேளக்காரங்களுக்கு ஒத்துக்காரர் தேவையில்ல, ஒரு ஆள் பங்கு மிச்சம், பஸ்ல ஒரு சீட்டு மிச்சம். அவங்களக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, மேளத்துக்குக் கிடைக்கிற காசு அவ்வளவுதான். ஆனா தாத்தா அதுக்கு அப்புறம் தோட்டத்துல நின்னுக்கிட்டே ஒரு மாதிரி கன்னத்த உப்பி உப்பி மூச்சு விடுவாவ, வாத்தியம் இல்லாமயே. அவங்ககிட்டதான் போய் சொன்னேன். "தாத்தா, ஒரே சுரத்த நின்ன இடத்துல பாடச் சொல்லுதாங்க, போர் அடிக்கி."

தாத்தா மொதல்ல கேட்டது, "மூச்சு எங்க எடுக்கிய?"

நீளமான நோட்டு வந்தா எல்லாரும் ஒரே இடத்துல மூச்சு எடுக்கக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லிருக்காரு, நான் எடுக்கும்போது பக்கத்துல இருக்கிறவ பாடணும், அவ எடுக்கும்போது நான் பாடணும், உள்ள வரும்போது சத்தம் தெரியாம பைய வரணும், கேக்கிறவங்களுக்கு மூச்சே விடாம பாடுற மாதிரி இருக்கும்னு சொன்னேன். ஸ்டேகர்ட் ப்ரீதிங்னு அதுக்குப் பேர். தாத்தா கட்டில்ல இருந்து எந்திச்சு உக்காந்துட்டாவ. "ஏட்டி, நான் ஒத்தையா செஞ்ச வேலைய நீங்க எட்டுப் பேரு பங்கு போட்டு செய்யுதிய"ன்னு சொல்லி ஒரே சந்தோஷம். அப்புறம் சொன்னாவ, "நான் அதே ஷட்ஜந்தான் ஊதுவேன். நாதஸ்வரக்காரரு கல்யாணி ராகம் வாசிச்சா என் ஷட்ஜம் வெளிச்சமா இருக்கும். தோடி ராகத்துக்குப் போனாருன்னா அதே ஷட்ஜம் கனத்துப் போகும். நான் ஒண்ணுமே மாத்தல, ஆனா மாறிட்டு. நீ உன் சுரத்த மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தா போர்தான் அடிக்கும். மத்தவன் என்ன செய்யுதான்னு கேளு."

திரும்பிப் போய் கேட்டேன். உண்மையிலயே கேட்டேன். டோ மீ சோங்கிற கூட்டுல இருந்து பாட்டு சோ டீ ரேங்கிற கூட்டுக்குப் போகுது, ரெண்டுலயும் சோ இருக்கு, அந்த சோ எங்க கையில. கீழ பாஸ் டோவ விட்டுட்டு சோவுக்கு இறங்குற அந்த இடத்துல, நான் அசையாம நின்ன அதே சுரம், காலுக்கடியில தரை மாறின மாதிரி வேற ஒண்ணா ஆகுது. முதல் தடவை அது காதுல விழுந்தப்போ எனக்கு புல்லரிச்சுட்டு. பக்கத்துல நின்னவளப் பாத்தேன், அவளும் என்னப் பாத்தா. ரெண்டு பேரும் அடுத்த வரிய விட்டுட்டோம்.

அந்த டிசம்பர்ல காலேஜ் கேரல் சர்வீஸுக்கு தாத்தா வந்தாவ. வெள்ள வேட்டி, நெத்தி நிறைய திருநீறு, கடைசி பெஞ்ச். முடிஞ்சதும் வெளிய வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டு இருந்தாவ, நான் ஓடிப் போய் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். "உன் சத்தம் தனியா கேக்கவே இல்ல தாயி. நல்லா பாடியிருக்க"ன்னாவ. இது வரைக்கும் என் பாட்டுக்குக் கிடைச்சதுல பெரிய பாராட்டு அதுதான்.

இளைஞர் விழாவுக்கு கிராமியக் குழு போட்டபோதுதான் வில்லுப்பாட்டுப் பையன் வந்து சேந்தான். ராதாபுரம் பக்கம், பரம்பரையா வில்லுப்பாட்டு, கோயில் கொடை சீசன்ல படிப்ப ஒதுக்கி வச்சுட்டு அப்பாவோட குடம் அடிக்கப் போயிருவான். வைக்கோல் பிரிமணையில குடத்த உக்கார வச்சு, ஒரு கையில மட்டையால வாயில அடிச்சா அடிவயித்துல கேக்கும், இன்னொரு கையில காசால பக்கத்துல தட்டுவான். அவனுக்கும் எங்க கொயர் ஆளுங்களுக்கும் முதல் நாளே சண்டை. இவங்க தாளத்த நாலு நாலா எண்ணிக்கிட்டு, கீபோர்டுல சுருதி வச்சுக்கிட்டு நிக்காங்க, அவன் "பாட்டு எங்க போகுதோ அங்க போகணும், எண்ணிக்கிட்டா இருப்பாவ?"ங்கான். கீபோர்டு காந்தாரம், அதாவது "க" சுரம், அவன் தொண்டையில வர்ற காந்தாரத்தோட ஒட்டல. அவன் தப்பா பாடுதான்னு இவங்க சொல்ல, கீபோர்டு தப்புன்னு அவன் சொல்ல, மாஸ்டர் வந்து ஆபிரகாம் பண்டிதர் கதைய எடுத்தாரு. நம்ம சாம்பவர் வடகரையில 1859ல பொறந்தவரு, தஞ்சாவூர்ல வைத்தியரா இருந்துக்கிட்டு, சொந்தச் செலவுல 1912ல இருந்து சங்கீத மாநாடு கூட்டி, ஒரு ஸ்தாயியில, அதாவது ஒரு "ச"ல இருந்து மேல "ச" வரைக்கும், எத்தனை சுருதின்னு வித்வான்கள எல்லாம் உக்கார வச்சு வாதம் பண்ணினவரு. பல பேர் இருவத்திரெண்டுன்னு சொன்னப்ப இவரு இருவத்திநாலுன்னாரு. அதையெல்லாம் 1917ல கருணாமிர்த சாகரம்னு அவ்வளவு பெரிய புஸ்தகமாப் போட்டாரு. "அவ்வளவு பெரிய ஆட்களே ஒரு முடிவுக்கு வரல, நீங்க ரெண்டு பேரும் அரை மணி நேரத்துல முடிச்சுருவியளா? கீபோர்ட மூடி வைங்க, அவன் காதுக்கு எல்லாரும் சேருங்க"ன்னாரு.

அப்படித்தான் ஜால்ரா என் கைக்கு வந்தது. நான் ஒத்துக்காரர் பேத்தின்னு அன்னைக்குதான் எல்லார் முன்னாலயும் சொன்னேன். வில்லுப்பாட்டுல கதை சொல்லுற புலவர் ஒரு வரி சொன்னா மத்தவங்க அந்தக் கடைசிச் சொல்ல எடுத்து "ஆமா"ன்னு சேத்துக் குடுக்கணும். கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா அந்த "ஆமா" ஒரு துளி பிந்தினா புலவருக்கு அடுத்த வரி வராது, முந்தினா கதை ஓடிரும். அந்தப் பையன் சொல்லுவான், "அக்கா, எங்க அப்பா மேடையில பாதி ராத்திரிக்கு மேல கதைய மறந்துருவாவ. நாங்க ஆமா ஆமான்னு இழுத்துக் குடுத்தா அதுக்குள்ள ஞாபகம் வந்துரும். ஜனத்துக்குத் தெரியவே தெரியாது."

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990ல வந்தது, அபிஷேகப்பட்டியில, திருநெல்வேலி டவுன்ல இருந்து தென்காசி ரோட்டுல போகணும். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி காலேஜெல்லாம் அதுக்குக் கீழ, அதனால நாகர்கோவில் பக்கத்து வில்லுப்பாட்டும், தூத்துக்குடி கடற்கரை சர்ச் கொயரும், நம்ம பக்கத்து நையாண்டி மேளமும் ஒரே பஸ்ல வந்து இறங்கும். வேற எந்த இடத்துலயும் இந்தப் பிள்ளைங்க ஒருத்தர ஒருத்தர் பாக்கவே மாட்டாங்க. கொடைக்கு கொயர்க்காரி வர மாட்டா, கேரல் சர்வீஸுக்கு குடம் அடிக்கிறவன் வர மாட்டான். இந்திய பல்கலைக்கழகங்களோட சங்கம் நடத்துற இளைஞர் விழாவுல குழுப்பாட்டுன்னா ஆறு பேர் பாடலாம், மூணு பேர் வாசிக்கலாம், சினிமாப் பாட்டு கூடாது. இந்தக் கடைசி விதி இருக்கிறதாலதான் எத்தனையோ பிள்ளைங்க வீட்டுக்குப் போய் ஆச்சிகிட்ட "உங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு ஏதாவது சொல்லுங்க"ன்னு கேட்டிருக்காங்க. அந்த விதிய எழுதினவங்க நல்லாருக்கணும்.

ஒரு மேடை மட்டும் எனக்கு ஆறவே மாட்டேங்கு. எந்த இடம்னு வேண்டாம். மைக் வைக்க வந்தவரு மெயின் சிங்கருக்கு ஒண்ணு, கீபோர்டுக்கு ஒண்ணுன்னு வச்சுட்டுப் போயிட்டாரு. பின்பாட்டுக்கும் குடத்துக்கும் கேட்டா "கூட பாடுறவங்களுக்கு எதுக்கு?"ன்னாரு. பாடினோம். பாட்டு ஒரு பக்கம் நொண்டுச்சு, கூட்டத்துக்கு கேள்வி மட்டும் கேட்டுச்சு, பதில் கேக்கல. அப்புறம் வந்த காலேஜ் மலர்ல ஒரு பேர் போட்டு பக்கத்துல "மற்றும் குழுவினர்"னு இருந்துச்சு. அந்தச் சொல்லு எனக்குப் பழக்கம். எங்க வீட்டு அலமாரியில கிடக்கிற கும்பாபிஷேக நோட்டீஸ் அத்தனையிலயும் தாத்தாவோட பேர் அதுதான், "குழுவினர்".

மாஸ்டர் அந்த வாரம் எங்கள டவுனுக்கு நெல்லையப்பர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. சர்ச் கொயர் மாஸ்டர், கோயிலுக்கு. மணிமண்டபத்துல ஒரு பெரிய தூணச் சுத்தி சின்னத் தூணா இருக்கும்ல, எல்லாம் ஒரே கல்லுல செதுக்கினது. தட்டினா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சுரம். ஒண்ணத் தட்டினா பக்கத்துத் தூணும் லேசா அதிரும்னு சொல்லுவாங்க. அங்க இருந்த பெரியவர் ஒருத்தர் எங்களுக்காக ஒரு தூண விரல் மடக்கித் தட்டினாரு, குடம் அடிக்கிற பையன் பக்கத்துத் தூண்ல கன்னத்த வச்சுக்கிட்டு கண்ண மூடிட்டு நின்னான். ரொம்ப நேரம் கன்னத்த எடுக்கவே இல்ல. நாங்க கூப்பிட்டும் வரல.

இப்ப நான் ஸ்கூல்ல வேலை பாக்கேன், சனிக்கிழமை சாயங்காலம் காலேஜ் பிள்ளைங்க சில பேருக்கு சேந்து பாட சொல்லிக் குடுக்கேன். வர்றவங்க ரொம்பக் கம்மி. பாடத் தெரிஞ்ச பிள்ளைங்க இல்லாம இல்ல, எங்க காலத்த விட நல்லா பாடுதாங்க, பத்து வயசுலயே டிவி பாத்துப் பழகி என்னா சங்கதி போடுதுங்க! ஆனா எல்லாரும் தனியாப் பாடுதாங்க. போன்ல பாடகர் குரல் இல்லாத மைனஸ் ட்ராக் இருக்கு, அதுல தபேலா, வயலின், பின்பாட்டு எல்லாம் இருக்கு, ஒரு பிள்ளைக்கு ஒரு மைக் போதும். காலேஜுக்கும் அது வசதி, ஒரு ஆளுக்கு பஸ் காசு குடுத்தா ஒரு பரிசு வரும், ஒம்பது பேர அனுப்பினாலும் வர்றது அதே ஒரு பரிசு. இந்தக் கணக்கு எனக்குப் புரியுது, தாத்தாவ வேண்டாம்னு சொன்ன கணக்கும் இதேதான். ஆனா ட்ராக் உங்களுக்காக நிக்காது. நீங்க மறந்துட்டா அது ஆமா ஆமான்னு இழுத்துக் குடுக்காது, உங்க மூச்சு தீர்ற இடத்துல தன் மூச்சக் குடுக்காது. இருவது வயசுல ஒரு பிள்ளை கத்துக்க வேண்டியது மேல் ஸ்தாயி ஷட்ஜத்த எட்டிப் பிடிக்கிறது மட்டும் இல்ல. பக்கத்துல நிக்கிறவளுக்கு எப்ப மூச்சு முட்டும்னு தெரிஞ்சிருக்கிறதும்தான், அத நான் கொயர்ல தவிர வேற எந்த வகுப்புலயும் படிக்கல.

சனிக்கிழமை வர்ற பிள்ளைங்ககிட்ட முதல் பாட்டா தமிழ்த்தாய் வாழ்த்துதான் எடுக்கேன். எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு, ஒருத்தரும் ஒழுங்கா மூச்சு எடுக்காத பாட்டு. எழுதினவரு பேர்லதான் நம்ம பல்கலைக்கழகமே இருக்கு. 2021 டிசம்பர்ல அத மாநிலப் பாடல்னு அறிவிச்சப்ப, 55 செகண்ட்ல, மோகன ராகத்துல, திஸ்ர தாளத்துல பாடணும்னு அரசு ஆணை வந்துச்சு, அதோட ரெக்கார்ட் போடாம பயிற்சி உள்ளவங்கள வச்சு வாயாலயே பாடணும்னும் இருந்துச்சு. எனக்கு அது எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா. ஒரு காலேஜுக்கு வருஷத்துல எத்தனை விழா, அத்தனைக்கும் அஞ்சாறு பிள்ளைங்க சேந்து நின்னே ஆகணும். ஒரு கொயர் ஆரம்பிக்க அது போதும். போன மாசம் ஒரு பிள்ளை, முதல் வருஷம், கட்டைக் குரல், "மிஸ், நான் பின்னால நின்னுக்கிடுதேன், என் குரல் வெளிய கேக்காம பாடுதேன்"னுச்சு. நான் அவள நடு வரிசையில நிறுத்தியிருக்கேன். ரெண்டு பக்கமும் அவளுக்கு ஆள் இருக்கணும்.

தாத்தா 2011ல தவறிட்டாவ. அவங்க வாசிச்சதுக்கு ஏதாவது ரெக்கார்ட் இருக்கான்னு ரொம்ப நாள் தேடினேன். எங்க பெரியப்பா கல்யாண கேசட் ஒண்ணு கிடைச்சது, ஒரு பக்கம் பூஞ்சை பிடிச்சு, ஜங்ஷன்ல ஒரு கடையில குடுத்து போன்ல ஏத்தி வாங்கினேன். முழுக்க நாதஸ்வரமும் தவிலும் ஜனங்க பேச்சும்தான். தாத்தா அங்க இருக்காவன்னு தெரியும், ஆனா தனியாப் பிரிச்சுக் கேக்க முடியல. ஆறாவது ஏழாவது தடவை கேக்கும்போது ஒரு இடம் மாட்டிச்சு. நாதஸ்வரக்காரர் வாயில வச்சு ஊதுற சீவாளிய மாத்துறதுக்காக வாசிப்ப நிறுத்துதாரு, தவிலும் அந்த நேரம் பாத்து ஓயுது, யாரோ ஒரு பொம்பள "பந்தி போட்டாச்சா"ன்னு கேக்கா. அந்த நாலு செகண்ட் ஷட்ஜம் மட்டும் நிக்குது, ஒரு சின்ன நடுக்கம் கூட இல்லாம. அப்புறம் நாதஸ்வரம் அது மேல வந்து உக்காந்துருது.